நூர்பேலின் கல்

முதல் நாள். விடிந்து இரண்டாம் மணி.

கதவை உடைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள். ஜன்னல் பூனை நுழையும் அளவுதான். கட்டிலில் நூர்பேல் ஒருக்களித்துக் கிடந்தான், கன்னத்துக்குக் கீழே கை வைத்தபடி. பெத்தமாரின் அரசன். வயது பதினைந்து. உடம்பு சில்லிட்டிருந்தது.

பத்து மாசத்துக்கு முன்புதான் பெத்தமார் ரோமாபுரியிலிருந்து பிய்த்துக்கொண்டு தனி ராஜ்யம் ஆனது. செத்துப்போன அப்பன் இடத்தில் இந்தப் பையனை உட்கார வைத்தார்கள். கிரீடம் பெரிதாக இருந்தது. உள்ளே கம்பளி வைத்துத் தைத்தார்கள். ரோமன் விடுவானா? அவன் படை இப்போது இரண்டு நாள் வழியில் கூடாரம் அடித்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து இப்படி.

கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி. அதன் மேல் வெள்ளிக் கிண்ணம், பாதி குடித்த தண்ணீர். கிண்ணத்தின் உள்பக்கம் கறுத்திருந்தது.

"விஷம்," என்றான் அந்தியோகியாவிலிருந்து வந்த வைத்தியன். "வெள்ளி கறுத்தா விஷம்தான். எங்க ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரியும்."

தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் ஷல்மத். நூர்பேலுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். அடிமை. அவள் கையைப் பின்னால் கட்டி ஒட்டகக் கொட்டடியில் போட்டார்கள். விசாரிக்கவில்லை. பெரிய வீட்டில் சாவு விழுந்தால் முதலில் கட்டுவது அடிமையைத்தான்.

மூன்றாம் மணி.

பையனின் தாய், ராணி அக்மத், மொகீமுவுக்கு ஆள் அனுப்பினாள். சரக்கு ஏற்றிப் போகிற ஒட்டகச் சாத்துகளுக்கு முப்பது வருஷம் காவல் போனவன் மொகீமு. படிப்பு கிடையாது. மூட்டையின் முடிச்சைப் பார்த்தே திருடனைப் பிடித்துவிடுவான் என்று பெயர். யாரையும் நம்பமாட்டான். அதனாலேயே அக்மத் அவனை நம்பினாள்.

மொகீமு கிண்ணத்தை எடுத்தான். மோந்தான். வைத்தியனைப் பார்த்தான்.

"நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை நாளாச்சு, ஐயா?"

"ஒரு மாசம்."

"எங்க ஊத்துல குளிச்சீங்களா?"

"அந்த அழுகின முட்டை நாத்தத்துலயா? எனக்கு மழைத்தண்ணி தொட்டியிலேருந்து வருது."

"அதான் விஷயம். ஊத்துல கந்தகம். நாங்க பொறந்ததுலேருந்து குடிக்கிறோம், எங்களுக்கு நாத்தமே தெரியாது. வெள்ளியில ஊத்தி வச்சா விடியறதுக்குள்ள கறுத்துடும். இந்த ஊர்ல கல்யாண வெள்ளியே கறுப்புதான்."

"தண்ணியால கறுத்திருக்கலாம். விஷத்தாலயும் கறுத்திருக்கலாமே?" வைத்தியன் விடவில்லை.

மொகீமு மீதித் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான்.

"பைத்தியக்காரக் கிழவா!" அக்மத் கத்தினாள்.

"இங்கயே உக்காந்திருக்கேன், ராணியம்மா. பொழுது சாயறதுக்குள்ள நான் சாஞ்சேன்னா அவளைக் கொல்லுங்க. இந்த ஐயாவுக்கும் ஒரு பாராட்டு கிடைக்கும்."

சாயவில்லை. பசிக்கிறது என்று ரொட்டியும் வெங்காயமும் கேட்டு வாங்கித் தின்றான். தின்றுவிட்டுப் பையனின் இமையைத் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது.

"கசகசாக் காய்ப் பால்," என்றான். "காயைக் கீறினா வடியுமே, அது. சாத்துல கால் ஒடிஞ்சவனுக்குக் கொடுப்போம். கொஞ்சம் கொடுத்தா வலி போகும். நிறையக் கொடுத்தா ஆளே போயிடுவான். குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. மெதுவாத்தான் தூக்கம் வரும். பிள்ளை அதைக் குடிச்சிட்டுத்தான் இங்க வந்து, தானே தாழ் போட்டுப் படுத்திருக்கு."

"அப்ப சாப்பாட்டுல," என்றாள் அக்மத். குரல் இறங்கிப்போயிருந்தது.

ஆறாம் மணி.

முந்தின நாள் அந்தியில் விருந்து. வழக்கப்படி திண்டில் சாய்ந்து சாப்பிட்டவர்கள் மூன்று பேர். அக்மத், நூர்பேல், அக்மத்தின் அண்ணன் மக்காய். மக்காய்தான் படைத்தலைவன். மதிலில் நின்றவனைக் கூப்பிட்டார்கள். முகமெல்லாம் புழுதியோடு வந்தான்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஆட்டுக்கறி. பிஸ்தா போட்ட சோறு. மூணு பேரும் ஒரே தட்டுல," என்றாள் அக்மத்.

"குடிச்சது?"

"திராட்சை மது. ஒரே ஜாடியிலதான் கலந்தது."

"யாரு ஊத்தினது?"

"நான்தான்," என்றான் மக்காய். "எப்பவும் நான்தான். என் மருமகனுக்கு நான் ஊத்தாம வேற யாரு ஊத்துவா?"

"மூணு கிண்ணத்துலயும் ஒண்ணுதானா?"

"அவனுக்குப் புளிப்பு ஆகாது. அவன் கிண்ணத்துல மட்டும் பேரீச்சம்பாகு விடுவோம்."

"பாகுச் சொம்பு எங்கேருந்து வந்தது?"

அக்மத் முந்திக்கொண்டாள். "அவகிட்டேருந்துதான்! அடுக்களையிலேருந்து ஷல்மத்தான் எடுத்துட்டு வந்தா. இப்பப் புரியுதா?"

சொம்பு அன்றைக்கே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"அவளா இருக்காது," என்றான் மொகீமு.

"அப்ப யாருன்னு சொல்லு. நாளைக்குச் சூரியன் விழறதுக்குள்ள சொல்லு. இல்லைன்னா அவளை மதில் மேலேருந்து தள்ளிடுவாங்க. என் பிள்ளையைக் கொன்னவங்க மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போது நான் அவனைக் கல்லறையில வைக்கமாட்டேன்."

மக்காய் எழுந்தான். தங்கையின் தோளைத் தொட்டுவிட்டு மதிலுக்குத் திரும்பிப் போனான்.

ஒன்பதாம் மணி.

ஒட்டகக் கொட்டடி. ஷல்மத் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கியிருந்தது.

"பாகுல என்னடி கலந்த?"

"நாலு மாசமா ஒரே ஜாடிப் பாகு. நேத்து சொம்புல மிஞ்சினதையும் அதுலயே ஊத்திட்டேன். இன்னிக்குக் காலையில அடுக்களைப் பொம்பளைங்க எல்லாரும் ரொட்டிக்குத் தொட்டுக்கிட்டாங்க. போய்க் கேளு."

கேட்டிருந்தான். உண்மைதான்.

"படுக்கப் போறப்ப பிள்ளை எப்படி இருந்தான்?"

"சிரிச்சிக்கிட்டு இருந்தான். புதுக் காசைக் காட்டினான். அதுல அவனுக்குத் தாடி வச்சு அடிச்சிருக்காங்க. 'ஷல்மத், எனக்கு முன்னாடி என் காசுக்குத் தாடி முளைச்சிடுச்சு பாரு'ன்னான்." அவள் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், 'ரோமன் வந்தா என்னை என்ன பண்ணுவான்?'னு கேட்டான். 'நான் உன்னை மாவுப் பானையில ஒளிச்சி வைப்பேன்'னேன். 'போடி, நான் இப்ப வளந்துட்டேன், பானையில அடங்கமாட்டேன்'னான்."

"யாரு மேலயாவது சந்தேகமா?"

"நான் அடிமை. சந்தேகப்பட எனக்கு யாரு உரிமை கொடுத்தா?"

இரண்டாம் நாள். மூன்றாம் மணி.

அக்மத் மொகீமுவைக் கூப்பிட்டாள். கண் காய்ந்துபோயிருந்தது.

"கல்தச்சன் மாலேகிட்டப் போ. பிள்ளையோட கல்லுக்குத் திரை போடச் சொல்லு. சீக்கிரம் முடிக்கணும்னு சொல்லு. எனக்கு வேற யாரையும் அனுப்ப மனசில்ல."

பெத்தமாரில் வசதியுள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே கல்லில் முகம் செதுக்கி வைத்துக்கொள்வார்கள். கல்லறையில் அவரவர் உடம்பை வைக்கிற மாடத்தை அடைக்கிற கல் அது. முகத்துக்குப் பின்னால் வெறும் பரப்பாக விட்டிருக்கும். மூச்சு நின்ற பிறகுதான் அந்த இடத்தில், இரண்டு தோளுக்கும் பின்னால் தொங்குகிற மாதிரி, ஒரு திரையைச் செதுக்குவார்கள். மேல்முனை இரண்டிலும் ஈச்சங்கீற்று குத்தியிருக்கும். திரை இருந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். திரை இல்லாத கல்லோடு புதைத்தால் அவன் அந்தப் பக்கம் போய்ச் சேரமாட்டான், வாசலிலேயே நிற்பான் என்பார்கள். கிழவன் மாலே நாற்பது வருஷமாக இதைத்தான் செய்கிறான்.

பட்டறையில் மாலே கல்லை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நூர்பேலின் முகம். தாடி இல்லை. தோளுக்குப் பின்னால் திரை, மடிப்பு மடிப்பாக. இரண்டு பக்கமும் முடிந்து, கீற்றின் நரம்பு வரைக்கும் தெரிந்தது.

"ராணியம்மா திரை போடச் சொன்னாங்க," என்றான் மொகீமு.

"போட்டாச்சு." மாலே நிமிரவில்லை. "இந்த மடிப்பு கையை ஒடிச்சிடுச்சு. மூணு நாளா கண்ணை மூடல."

"நல்லா வந்திருக்கு."

"நல்லா வந்து என்ன பண்றது?" மாலே துணியைப் பிழிந்தான். "போ. நான் தனியா இருக்கணும்."

மொகீமு கிளம்பினான். சந்தை வீதியில் கடையெல்லாம் மூடியிருந்தது. சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கழுதை மேல் கதவைக் கழற்றி ஏற்றியிருந்தான். "கதவை எங்கடா கொண்டு போற?" என்று மொகீமு கேட்டான். "ரோமன் வந்து உடைக்கிறதுக்கு நான் ஏன் விட்டுட்டுப் போகணும்?" என்றான் அவன். மொகீமுவுக்குச் சிரிப்பு வந்தது. பத்தடி நடந்தான். சிரிப்பு நின்றுபோனது.

திரும்பினான். இந்தத் தடவை பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"மாலே. பிள்ளை செத்தது தெரிஞ்சது நேத்துக் காலையில. நீ மூணு நாளா திரை செதுக்கியிருக்க."

மாலே உளியைக் கீழே வைத்தான். அழ ஆரம்பித்தான்.

"என் உளிதான் கொன்னுடுச்சு மொகீமு! உயிரோட இருக்கறவனுக்குத் திரை போட்டேன். நாப்பது வருஷத்துல பண்ணாத பாவம். மாட்டேன்னுதான் சொன்னேன். போட்டே ஆகணும்னுட்டாங்க. முதல் மடிப்பை வெட்டும்போதே உளி நழுவிச்சு. நான் திரையை இழுத்தேன், அவன் போயிட்டான்."

"உன் உளி கொல்லல. அழாத. யாரு சொன்னதுன்னு கேக்கமாட்டேன். நானே சொல்றேன். ராஜா கல்லு மேல கை வைக்கச் சொல்ல இந்த ஊர்ல ரெண்டு பேருக்குத்தான் முடியும். ஒண்ணு தாய். அவ இன்னிக்குத்தான் என்னை அனுப்பினா. முன்னாடியே சொல்லியிருந்தா என்னை எதுக்கு அனுப்பறா? மிச்சம் ஒருத்தர்தான்."

மாலே தலையை ஆட்டினான்.

பத்தாம் மணி.

அக்மத்தின் அறை. பையனின் உடம்பு வெள்ளைத் துணியில் கிடந்தது. மக்காயை மதிலிலிருந்து வரவழைத்திருந்தார்கள். மொகீமு நின்றபடியே சொன்னான்.

"ஷல்மத் இல்ல. நேத்துக் காலையில அதே பாகை அடுக்களையே தின்னிருக்கு, ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல. கறியும் சோறும் ஒரே தட்டு. மது ஒரே ஜாடி. கிண்ணத்துல ஊத்தின கைதான் மிச்சம்." ஒரு மூச்சு விட்டான். "அது மட்டும்னா நானே நம்பியிருக்கமாட்டேன். தாய்மாமன் கையாச்சே. ஆனா பிள்ளை சாகறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அவன் கல்லுல திரை ஏற ஆரம்பிச்சிருக்கு, ராணியம்மா. உங்க அண்ணன் சொல்லி."

அக்மத் அண்ணனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. மறுக்கிற ஆளாக இருந்திருந்தால் திரையே போடச் சொல்லியிருக்கமாட்டான்.

"ரோமனோட ஓலை வந்துச்சு," என்றான். "ஊரை விட்டுடறேன், பையனை உயிரோட கொடுங்கன்னு. உனக்குக் காட்டல. நீ கொடுத்திருக்கமாட்ட. கொடுக்கலைன்னா ஊர் எரியும், அப்பவும் அவனைப் பிடிச்சுட்டுத்தான் போவாங்க. கொடுத்தா..." நிறுத்தினான். "நான் சின்ன வயசுல மிளகுச் சரக்கோட ரோமாபுரி போனேன்ல? அங்க ஊர்வலம் பாத்தேன். தோத்த ராஜாவோட மகன். இவன் வயசுதான் இருக்கும். தங்கச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனாங்க. சனங்க சாணி அடிச்சாங்க. அவன் அழக்கூடாதுன்னு உதட்டைக் கடிச்சிக்கிட்டே நடந்தான். ஊர்வலம் முடிஞ்சதும் பாதாளச் சிறையில கழுத்தை நெரிச்சாங்க. அந்த உதடு எனக்கு முப்பது வருஷமா மறக்கல. நம்ம பிள்ளை நம்ம வீட்டுக் கட்டில்ல தூங்கட்டும்னு நினைச்சேன்."

"திரை எதுக்கு?" என்றான் மொகீமு.

"ரோமன் உள்ள வந்தப்புறம் யாரு செதுக்க விடுவான்? அவன் வாசல்ல நிக்கக் கூடாது."

"ஷல்மத்தை விட்டுட்டியே. அவ சாகறதுக்கு."

மக்காய் தலை குனிந்தான்.  நல்ல மனுஷனுக்குக்கூட அடிமை உயிர் என்றால் மறந்துபோகிறது.

 வெளியே மதிலில் கல் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா. அவன்கிட்டக் கேட்டியா?"

"என்ன?"

"ஊர்வலமா, தூக்கமான்னு. இல்ல ஓடிப்போறியான்னு. அவனைக் கேட்டியா?"

"சின்னப் பிள்ளைகிட்ட அதை எப்படிக் கேக்கறது?"

"சின்னப் பிள்ளை." அக்மத் மகனின் பாதத்தைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ராஜாவா இருக்கியாடான்னு நானும் கேக்கலையே."

மக்காயைக் கட்டச் சொல்லவில்லை, வெட்டச் சொல்லவில்லை. மதில் அவன் கையில்தான் இருந்தது. "போ," என்றாள். "உன் இடத்துல போய் நில்லு. அங்கேருந்து திரும்பி வராத." அவன் போனான். மூன்றாம் நாள் ரோமன் ஏணி வைத்து ஏறிய இடத்தில் முதலில் நின்றவன் அவன்தான் என்று சொல்கிறார்கள்.

சூரியன் விழ இன்னும் கொஞ்சம் இருந்தது. மொகீமு கொட்டடிக்குப் போய்த் தானே கயிற்றை அறுத்தான்.

"எழுந்திரு. வடக்கு வாசல் திறந்திருக்கு. சனங்க போறாங்க, நீயும் போயிடு. உன்னை யாரும் தடுக்கமாட்டாங்க."

ஷல்மத் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். கொன்றது யார் என்று கேட்கவில்லை.

"தலை சீவினாங்களா?"

"யாருக்கு?"

"அவனுக்குத்தான். பின்னால சிக்கு விழும். இழுத்துச் சீவினா வலிக்கும்னு கத்துவான். அங்க இருக்கறவளுங்களுக்கு அது தெரியாது."

வடக்கு வாசலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரண்மனைப் பக்கம் நடந்தாள், வேகமாக.