வார்த்தைப்பாட்டுக்கு நாற்பது நாள்

காலை ஏழு மணிக்கெல்லாம் சமையலறையில் பேச்சு தடித்துவிட்டது.

"காணிக்கையை அத்தை எடுத்துட்டு வரட்டும், சித்தி. நீங்க முன்வரிசையில உக்காந்தா போதும்," என்றாள் மகள், கையிலிருந்த காப்பியைப் பார்த்தபடி.

நாளை மறுநாள் அவளுக்குத் திருமணம். பூசையில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பெண்ணின் தாய் தகப்பன் பீடத்துக்குக் கொண்டுவரட்டும் என்று பங்குச்சாமியார் சொல்லியிருந்தார். பெற்ற தாய் இவளைப் பெற்ற சில நாளிலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து வளர்த்தது சித்தி, தாயின் தங்கை.

"சரிம்மா. உன் இஷ்டம்."

"இப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைக் கெட்டவளாக்கிடுறீங்க."

வாசற்படியில் பூ ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினாள். முப்பது வருஷமாகப் பீடத்துக்குப் பூ வைக்கிறவள். தம்பியின் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அவ சொல்றதுல என்ன தப்பு? ஆண்டவருக்குக் குடுக்க இருந்த வாக்கை உதறிட்டு வந்த கை. அதுவும் சொந்த அக்கா புருஷனுக்காக... அந்தக் கையால அவர் பீடத்துக்கு எதைக் கொண்டுபோறது?"

பக்கத்து அறையில் அப்பாவின் கையில் செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது. அவ்வளவுதான்.

தெருவில் அவளுக்குப் பெயரே சிஸ்டரம்மா. கன்னியர் மடத்தில் இரண்டு வருஷம் நவதுறவியாக இருந்தவள். துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாடு கொடுக்க நாற்பது நாள் இருக்கும்போது வெளியே வந்தாள். அத்தை சொல்லும் கதை ஊருக்கே தெரியும்: செத்துப்போன அக்காவின் குழந்தையைத் தானே கேட்டு மடத்துக்கு வாங்கிக்கொண்டு போனாள், அந்தச் சாக்கில் வீட்டுக்குள் நுழைந்தாள், ஒரு வருஷத்தில் அக்கா புருஷனையே கட்டிக்கொண்டாள். இருபத்துநாலு வருஷமாக சிஸ்டரம்மா இதற்கு ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. ஆண்டவரை விட்டுவிட்டு வந்தவள் என்ற ஏச்சை அவளே நம்பினாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்னும் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலை நாலு மணிக்குக் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் குடும்பமாகக் கோயிலுக்குப் போனார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பா அந்தப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் எழுந்து போகமாட்டார். கேட்டால் கடை, கூட்டம், முழங்கால் வலி என்பார். இந்த முறை மகள் விடவில்லை.

"என் கல்யாணத்துல நீங்க நன்மை வாங்கணும்ப்பா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போனவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. "கண்ணாடிக்காரர் அங்கேயே தூங்கிட்டாரா?" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். வந்தபோது அவர் முகம் வீங்கியிருந்தது. முழந்தாளிடாமல் நேராகப் பெண்கள் மூவரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார்.

"வெளிய வாங்க. அக்கா, நீயும் வா. பிள்ளையும் நீயும் கேக்கணும்."

பக்கவாட்டுப் படிக்கட்டில் ஆளில்லை. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

"சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டாரு. ஆனா நான் சொல்லவேண்டிய ஆளு நீ. உன்னைச் சித்தி மடத்துக்கு வாங்கிட்டுப் போகலம்மா. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

"விட்டீங்கன்னா?"

"உங்கம்மா போய்ப் பதினெட்டாம் நாள். நீ ராப்பகலா அழுதே. உன்னாலதான் அவ போனான்னு எனக்கு ஒரு வெறுப்பு... மடத்து அனாதை இல்லத் தொட்டில்ல உன்னைப் போட்டுட்டு, பேருகூட எழுதி வைக்காம வந்துட்டேன். உன் சித்தி அந்த வாரம்தான் அந்த இல்லத்து வேலைக்கு மாறி வந்திருந்தா. எனக்கு அது தெரியாது. உங்கம்மா அடக்கத்துல உன்னைத் தூக்கி வெச்சிருந்தவ, பாத்ததும் கண்டுக்கிட்டா."

சிஸ்டரம்மா அவர் கையைத் தொட்டாள். "போதுங்க."

"ஒன்பது நாள் எனக்காகக் காத்திருந்தா. நான் போகல. பத்தாம் நாள் உன்னைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. 'நானே வளக்கறேன். நீங்க விட்டுட்டுப் போனது மட்டும் இந்தப் பிள்ளைக்கு என்னைக்கும் தெரியக்கூடாது'ன்னா. நான்தான் உங்க அத்தைகிட்ட, சித்தியே கேட்டு வாங்கிட்டுப் போனான்னு மாத்திச் சொன்னேன். அப்புறம் ஊரே அவளைப் பேசினப்போ... நான் வாயைத் திறக்கல."

"இப்பவா சொல்லணும்? நாளைக்கழிச்சு கல்யாணம்," என்றாள் சிஸ்டரம்மா. அவள் பார்வை மகளின் முகத்திலேயே இருந்தது. மகள் அப்பாவைப் பார்க்காமல் படியிறங்கி வீட்டை நோக்கி நடந்தாள்.

அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பீடத்துக்குப் பூ வெச்சிட்டு, நேரா வந்து உன்னைத்தானே பேசினேன். எத்தனை வருஷம்..."

"உங்க தம்பி சொன்னதை நம்பித்தானே பேசினீங்க, அண்ணி. எழுந்திரிங்க."

வீட்டில் மகளின் அறை தாழிட்டிருந்தது. சிஸ்டரம்மா தையல் மெஷினில் கல்யாண கவுனின் ஓரத்தை அடிக்க உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் தாழ் திறந்தது.

"ஏன் சித்தி சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்கு அப்பான்னு ஒருத்தர் இல்லாம போயிருப்பாரு. அம்மாவும் இல்ல. ரெண்டும் இல்லாம ஒரு பிள்ளை எப்படி வளரும்?"

"நீங்க இருந்தீங்களே."

மெஷின் நின்றுவிட்டது.

"ரிப்போர்ட் கார்டுல உங்க கையெழுத்து வேணாம்னு கிழிச்சேன். என் சிநேகிதிங்க வந்தா வெளிய வராதீங்கன்னு சொன்னேன்..."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா."

ஞாபகம் இருந்தது. தேதி உட்பட இருந்தது.

மகள் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதுவிட்டு, "மடத்தை விட்டதுக்கு வருத்தப்பட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். சிஸ்டரம்மாவுக்கு அன்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பட்டேன். கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் பட்டேன். ஆண்டவர் அங்க என்னைத் தேடுவாரே, நான் இங்க பால் பாட்டில் கழுவிட்டு நிக்கறேனேன்னு..."

"கல்யாணத்தைத் தள்ளி வெக்கச் சொல்லட்டா? கொஞ்ச நாளாவது உங்ககூட இருக்கேனே."

"பைத்தியமா? டிக்கெட் எடுத்தாச்சு."

மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி வேலை. பூசை முடிந்த அன்றே பயணம். இருபத்துநாலு வருஷத்தில் அவர்களுக்கு மிஞ்சியது அந்த மாலையும் மறுநாளும்தான். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் விளக்குப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

"காணிக்கையை நீங்கதான் கொண்டு வரணும்."

"அப்பாவும் கூட வந்தாத்தான் நான் வருவேன்."

"அவரோட என்னால இப்பப் பேச முடியாது."

"இப்ப வேணாம். முடியும்போது பேசு."

திருமணத்தன்று அப்பத் தட்டை அத்தையே கொண்டுவந்து சிஸ்டரம்மாவின் கையில் வைத்தாள். ரசத்தைக் கண்ணாடிக்காரர் ஏந்தினார். அன்று அவரும் நன்மை வாங்கினார். புறப்படும்போது மகள் சித்தியைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அப்பாவின் கையைப் பிடித்தாள், பேசவில்லை. அது வர நாளாகும். அவரும் அதைப் புரிந்துகொண்டவராகத் தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் சிஸ்டரம்மா தனியாகக் காலைப் பூசைக்குப் போனாள். பூசை முடிந்தும் எழவில்லை. வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. மடத்தில் இருந்ததைப் போன்ற அமைதி. இதற்காகத்தான் எத்தனையோ வருஷம் ஏங்கியிருந்தாள். ஆனால் மனம் அதில் நிற்காமல் சமையலறைக்கே போனது. காய்ச்சலில் தோளில் துவண்ட உடம்பு, பால் வாடை, சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்த வாய்... ஆண்டவர் மடத்தில் தன்னைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. பத்தாம் நாள் பிள்ளையோடு பிள்ளையாகத் தன் தோளிலேயே கூட வந்துவிட்டார். இது புரிய இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம்.

எப்போதும் ஒரு பறப்பு. துணி ஊறுகிறது, தையல் கிடக்கிறது, சீக்கிரம் முழுங்கு என்று அதட்டியபடியேதான் ஊட்டினாள். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஊட்டியிருக்கலாம்.