முப்பதாம் நாள் மாவு

காலை 5.30. செல்வநாதன் எழுந்தான். பாயைச் சுருட்டினான். வேப்பங்குச்சியால் பல் துலக்கினான். ஸ்டவ்வைப் பம்ப் அடித்து வரக்காப்பி போட்டுக் குடித்தான். கிணற்றில் இரண்டு வாளி இறைத்து, பச்சைத் தண்ணீரிலேயே குளித்தான்.

ஜமுனாமரத்தூரில் ஜனவரி மாதம் அப்படிக் குளிப்பவர்கள் குறைவு. கோபால்சாமியின் மாவு மில்லில் டீசல் இன்ஜினைச் சுற்றி வரும் தண்ணீர், பின்சுவரை ஒட்டிய சிமெண்டுத் தொட்டியில் விழும். இன்ஜின் அரைமணி நேரம் ஓடினால் தொட்டி சாயங்காலம் வரை சுடும். வாளி ஐந்து காசு. பக்கத்துத் தெருக்காரர்கள் அங்கேதான் வாளியோடு நிற்பார்கள். அவன் மனைவி அன்னாள் இருந்தவரை அவர்கள் வீட்டு வாளியும் அங்கே நின்றது.

அன்று 1979, ஜனவரி 10. அன்னாள் இறந்து முப்பதாம் நாள். மாலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு வந்தவர்களுக்குச் சாப்பாடு. ஒரு மூட்டை கேழ்வரகையும் ஒரு மூட்டை சாமையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனான்.

மில்லை வாங்கலாம் என்று முதலில் சொன்னது அன்னாள்தான். கோபால்சாமி மில்லை விற்றுவிட்டு மலைக்குக் கீழே மகனிடம் போகப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே சொன்னாள். விலை பத்தாயிரம். ஆலங்காயத்தில் ஒரு பேங்க், நாலில் ஒரு பங்கை நீங்கள் போட்டால் மீதியை நாங்கள் தருகிறோம் என்றது. இரண்டாயிரத்து ஐந்நூறு வேண்டும். அவள் நகைகளை விற்றதில் ஆயிரத்து ஐந்நூறு வந்தது. மீதி ஆயிரத்துக்கு வழியில்லை. செல்வநாதன் பி.காம். படித்தவன். அதற்காக யாரும் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை.

அன்னாளுக்கு ஓர் அண்ணன், சகாயம். வடக்கே பட்டாளத்தில் இருந்தான். தங்கையின் கல்யாணம் பிடிக்காமல் பேச்சை நிறுத்தியவன். அவன் விலாசம் அவளிடம் மட்டும் இருந்தது. "எழுதிப் பாக்கறேன்" என்றாள். எழுதினாளா என்று செல்வநாதன் கேட்கவில்லை. டிசம்பர் 11 அன்று பேங்க் காகிதங்களில் கையெழுத்துப் போட ஆலங்காயம் போனான். இரவு அங்கேயே தங்கினான்.

டிசம்பர் 12, முற்பகல் 11.20. பஸ்ஸை விட்டு இறங்கியவனை மில்லுக்குக் கூட்டிப்போனார்கள். இன்ஜினுக்கும் மாவு மிஷினுக்கும் நடுவே அன்னாள் கிடந்தாள். முந்தானை பெல்ட்டில் சுற்றியிருந்தது. பின்மண்டை உடைந்திருந்தது. அவளைத் தூக்கி வெளியே கிடத்தினான். பின்பக்கம் போய்த் தொட்டியில் கை கழுவினான். ரத்தம் போக நேரமாயிற்று. விரல்கள் விறைத்துப்போயின. அதிர்ச்சி என்று யாரோ சொன்னார்கள். அவனும் அப்படியே நினைத்தான்.

கீழேயிருந்து வந்த ஏட்டு சுப்பிரமணியிடம் கோபால்சாமி சொன்னார்:

"ஒம்போது மணிலேருந்து இன்ஜின் ஓடுதுங்க. நான்தான் ஓட்டறேன், ஆளு கெடையாது. பத்தரை இருக்கும். அந்தப் பொண்ணு வந்துச்சு. பணம் பொரளல, ஒரு மாசம் டைம் குடுங்கன்னுச்சு. அதாங்க கடைசியா பேசுனது. சரிம்மான்னு சொல்லிட்டு மாவு பாக்கத் திரும்பிட்டேன். அது குறுக்கால போயிருக்கு, சேலை மாட்டிக்கிச்சு. ஒடனே நிறுத்திட்டேன்."

இன்ஜின் சத்தம் கேட்டதாக நாலு பேர் சொன்னார்கள். எப்போது தொடங்கியது என்று யாரும் கவனித்திருக்கவில்லை. விபத்து என்று எழுதப்பட்டது. வீட்டு டிரங்குப் பெட்டியில் நகைப் பணம் இல்லை. சாவு வீட்டுக் கூட்டத்தில் எவனோ எடுத்திருப்பான் என்றார்கள். மாசக் கடைசியில், மளிகைக் கடை ராஜாக்கண்ணு மில்லைப் பன்னிரண்டாயிரத்துக்குப் பேசி முடித்தான். பத்திரம் ஜனவரி 10, மதியத்துக்கு மேல். மறுநாள் கோபால்சாமி மலையை விட்டு இறங்குவதாக ஏற்பாடு.

ஜனவரி 9, காலை 10 மணி. அன்னாள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணன் எழுதியிருந்தான். 'ஆயிரம் ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். வந்து சேர்ந்ததா? கோபம் போய்விட்டது என்று அவரிடமும் சொல்.'

10.15. தபால்காரர் கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"குடுத்துட்டேன் சார். அன்னிக்குத்தான். ஒம்போதரை மணிக்கு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். செத்தவங்க வூட்ல போயி காசு வந்துதான்னு எப்பிடிக் கேக்கறது?"

"எங்க வச்சுக் குடுத்தீங்க?"

"மில்லுக்குப் போற வழியில. கன்னியம்மா வூட்டு வாசல்ல."

10.40. கன்னியம்மாள் வீட்டில் இருந்தாள். ஒடுகத்தூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்க டிசம்பர் 13 விடியற்காலையில் போனவள், முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். அவளிடம் அரைமணி நேரம் பேசினான். வெளியே வந்து வெயிலில் நின்று, தன் இரண்டு கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஏட்டைப் பார்க்கப் போனான்.

ஜனவரி 10, காலை 9 மணி. கோபால்சாமி கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினார்.

"முப்பதுக்குத்தானே தம்பி? கூலி வேணாம். அந்தப் பொண்ணுக்கு நான் செய்யறதா இருக்கட்டும்."

"சரிங்க முதலாளி" என்றான் செல்வநாதன்.

10.30. சாமை குத்தியாயிற்று. கேழ்வரகு அரைத்தாயிற்று. இன்ஜின் நின்றது. செல்வநாதன் போகவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பதினொன்றே காலுக்கு ராஜாக்கண்ணு பத்திரக் காகிதத்தோடு வந்தான். அவன் பின்னாலேயே ஏட்டும் கன்னியம்மாளும் வந்தார்கள்.

"இன்னாடா, எனக்கு முன்னாடியே வந்து காவல் காக்கற?" என்றான் ராஜாக்கண்ணு. "மில்லு கை மாறுதேன்னு வயித்தெரிச்சலா?"

செல்வநாதன் அவன் பக்கம் திரும்பவில்லை.

"முதலாளி, அன்னிக்கும் இப்படித்தானே? ஒம்போதுக்கு ஓட்டினீங்க."

"ஆமா."

"பத்தரைக்கு நிறுத்தினீங்க."

"அதான் ஏட்டய்யாகிட்ட சொல்லிட்டேனே."

"நடுவுல நிக்கல?"

"நிக்கல."

"மணி எப்படித் தெரியும்?"

கோபால்சாமி மணிக்கட்டை நீட்டினார். "எம் மவன் வாங்கிக் குடுத்தது. ஒரு நிமிசம் தப்பாது."

"நான் அன்னிக்கு வந்தது பதினொன்னு இருபதுக்கு. இப்ப?"

"பதினொன்னு இருபது. எதுக்குக் கேக்கற?"

"பின்பக்கம் வாங்க."

தொட்டிக்குப் பக்கத்தில் போனதும் செல்வநாதன் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி ஏட்டிடம் கொடுத்தான். கோபால்சாமியின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினான். ஏட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"வுடுடா. வேவுது, வுடு."

"சுடுதா?"

"பைத்தியமா ஒனக்கு? ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கு, சுடாம இன்னா பண்ணும்?"

செல்வநாதன் கையை விட்டான்.

"எழுதிக்கங்க ஏட்டய்யா. அவர் வாயாலேயே சொல்லிட்டார். போன மாசம் இதே நேரத்துல, இதே தொட்டியில, என் பொண்டாட்டி ரத்தத்தைக் கழுவினேன். விரல் விறைச்சுது. அதிர்ச்சின்னு நெனச்சேன். அதிர்ச்சி இல்ல. தண்ணி சில்லுனு இருந்துது."

"யாராவது கெணத்துத் தண்ணிய ஊத்தியிருப்பாங்க" என்றார் கோபால்சாமி. சிவந்த கையை வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு ஊத்துனா?" கன்னியம்மாள் முன்னால் வந்தாள். "முட்டி வலிக்கு ஒத்தடம் குடுக்க வாளி தூக்கினு நான் வந்தேன். பத்து மணி பஸ்ஸு அப்பதான் கெளம்புச்சு. மில்லுக் கதவு சாத்தியிருந்துச்சு. இன்ஜின் சத்தமே இல்ல. தொட்டி ரொம்பித்தான் இருந்துச்சு, ஐஸ் மாதிரி. திட்டிக்கினே வூட்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இன்ஜின் கெளம்புச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுச்சு. மறுநாளு நான் ஊருக்குப் போய்ட்டேன். என்னை யாரு கேட்டா?"

"வாளிக்கு அஞ்சு காசு வாங்குறவருக்குத் தொட்டி ஞாபகம் வரல" என்றான் செல்வநாதன். "ஒம்போதரைக்கு அன்னாள் கையில இரண்டாயிரத்து ஐந்நூறும் இருந்துது. மணியார்டர்ல அவ கையெழுத்து இருக்கு. பணம் கையில இருக்கறவ எதுக்கு டைம் கேக்கணும்? நேரா இங்க வந்தா. பத்து மணிக்குக் கதவு சாத்தியிருந்துது. அப்ப உள்ள நீங்களும் அவளும் இருந்தீங்க. அவ செத்தப்புறம்தான் இன்ஜின் ஓடுச்சு, முந்தானையைப் பெல்ட்டுல சுத்தறதுக்காக. அஞ்சு நிமிஷத்துல தொட்டி சுடாது. அவளைக் கொன்னது நீங்க."

கோபால்சாமி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முந்துன நாளுதான் இவன் ரெண்டாயிரம் கூடத் தரேன்னான்" என்று ராஜாக்கண்ணுவைக் காட்டினார். "அந்தப் பொண்ணு பணத்த வச்சுச்சு. எடுத்துக்கினு, வெல ஏறிடுச்சும்மா, இது முன்பணமா இருக்கட்டும்னேன். பணத்தத் திருப்பிக் குடுன்னு கையப் புடிச்சுது. தள்ளுனேன். சக்கரத்துல மண்டை அடிச்சிடுச்சு. வேணும்னு செய்யல தம்பி."

"முந்தானையை வேணும்னுதான் சுத்தினீங்க."

ராஜாக்கண்ணு பத்திரக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தான்.

ஏட்டு நோட்டைத் திறந்தார். செல்வநாதன் மூட்டையைத் தோளில் ஏற்றினான். மாவு இன்னும் சூடாக இருந்தது.

"அப்ப, ஒரு மாசம் டைம் குடுங்கன்னு எழுதினது?" என்றார் ஏட்டு.

"அடிச்சிடுங்க. அது இவர் சொன்னது. அவ நெஜமா கடைசியாச் சொன்னதை எழுதுங்க. யக்கா, சொல்லு."

கன்னியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தபால்காரரு போனதும், நகைப் பணத்தோட அந்தக் காசையும் சேத்து முந்தானையில முடிஞ்சுக்கினே எங்கிட்ட சொன்னா. அப்புறம் மில்லுக்குப் போனா."

"இன்னா சொன்னாங்க?"

"யக்கா, பத்து மணிக்கு வாளி எடுத்துக்கினு வா. இனிமே சுடுதண்ணிக்கு அஞ்சு காசு வேணாம்."