கத்தத் தொடங்கிய சக்கரம்

தையல்கடை அக்காவின் மெஷின் பாதித் தையலில் நின்றால், தெருவுக்குள் யாரோ பிரச்சினையோடு நுழைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று பகல் பதினொரு மணிக்கு அது நின்றது. பக்கத்துச் சைக்கிள் கடைக்கு ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தன் உடம்பில் படாதபடி ஒரு கை தூரத்தில், ஹேண்டிலை இரண்டே விரலால் பிடித்துத் தள்ளி வந்தாள். அப்படி யாராவது சைக்கிள் தள்ளுவார்களா? கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கும் சாக்கில் அக்கா பின்னாலேயே போனார்.

வந்தவளுக்குத் தெருவில் லைப்ரரி என்று பெயர். வேலை அங்கே, பேச்சும் அங்கே அனுமதிக்கும் அளவுக்குத்தான். கணவன் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து நான்கு வருடம். தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்று இப்போது கைத்தடியோடு நடக்கும் மாமனார், பதினாறு வயது மகள், அவள் என்று மாடி வீட்டில் மூன்றே பேர். இதெல்லாம் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. அந்த வீட்டுத் துணியெல்லாம் அக்காவின் கை வழியாகத்தான் போகும். போனவனுடைய ஆறு பேண்ட்டுகளையும் மாமனார் போட்டுக்கொள்ள வசதியாகக் காலைக் குறைத்துக் கொடுத்தது அக்காதான். போன மாதம் அதே போர்மேன், மேசை விசிறிக்கு உறை என்று இருபத்தெட்டு அங்குல அகலத்தில் ஒரு வட்டப் பை தைத்து வாங்கினார். அரை அங்குலத்துக்காக இரண்டு தடவை பிரிக்க வைத்தார். அவ்வளவு பெரிய விசிறியைப் போட்டால் வீடு கூரையோடு கிளம்பிவிடும் என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

சைக்கிள் கடைக்காரருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். காலிப்பர் என்கிற அளவுக் கருவியை வைத்து அளக்காமல் எதையும் நம்பமாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் விரலையும் அதை வைத்துத்தான் அளந்தார் என்பது அக்காவின் கட்சி. எது எப்படியோ, தெருவில் காரணம் தெரியாமல் நடக்கிற காரியமெல்லாம் கடைசியில் அவர் பெஞ்சுக்குத்தான் வந்து சேரும்.

"அண்ணே, பிரேம் மட்டும் இருக்கட்டும்" என்றாள் லைப்ரரி. "மத்த எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா போட்டுடுங்க. வீல், பிரேக், கியர், ஹேண்டில், எல்லாம். அவர் கை பட்ட எதுவும் இதுல இருக்கக் கூடாது."

"பழைய ஸ்டீல் பிரேம்மா. இப்ப வர்ற சாமான் இதுல நேரா உக்காராது. செய்யலாம். ஆனா ஏன்?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கத்தரிக்கோலை வெகு கவனமாகப் பார்த்தார்.

"அவரு இன்னும் ஓட்டுறாருண்ணே."

கடைக்குள் பதினொரு மணி வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அக்காவின் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

மாடி அறையில் கணவனின் சைக்கிள் ஆணியில் தொங்கும். ஞாயிறுதோறும் அவள் துடைப்பாள், பூட்டுவாள், சாவியைப் படிக்கட்டுக்கு அடியில் மாட்டுவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாள். மணி மூன்று. கேட்டைத் தொடும்போது மேலேயிருந்து சத்தம். பெடலை நிறுத்தினால் சக்கரம் போடுமே, அந்தச் சத்தம். கேட் கிறீச்சிட்டதும் நின்றுவிட்டது. உள்ளே போகாமல், மகள் வரும்வரை எதிர்வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மகளோடு போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டியபடி, சைக்கிள் ஆணியில். ஆனால் அது வியாழக்கிழமை. நாலு நாள் தூசி டயரில் இல்லை.

"எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல்ல பாத்திருக்காங்கண்ணே. குனிஞ்சு ஓட்டுற முதுகு, அவரோட கட்டம் போட்ட பேண்ட். அவரேதான்னு சத்தியம் பண்றாங்க."

"சத்தம் எப்படி இருக்கும்? அவர் இருந்தப்ப கேட்ட அதே சத்தமா?"

"அதுதான் பயமே. அவரு வண்டி மெதுவா பேசும். தெரு முனையில வரும்போது எனக்கு மட்டும்தான் கேக்கும். இப்ப கத்துது. கோபமா இருக்காரு."

"கோபப்பட என்ன நடந்துச்சு?"

"அச்சகம் வச்சிருக்கவரைக் கல்யாணம் பண்ணிக்கச் சரின்னு சொன்னேன். மாமாவே பாத்துச் சொன்ன இடம். சொன்ன மறுவாரம்தான் சத்தம் ஆரம்பிச்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் மாத்திடுங்க. அப்புறமும் சத்தம் கேட்டா, அச்சகத்துக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுவேன். செத்தவரை அழவச்சுட்டு எனக்கு ஒரு வாழ்க்கை வேண்டாம்."

அவள் போனதும் அக்காவுக்கு வாய் திறந்தது. "அண்ணே, இது அந்தப் பொண்ணு வேலை. அம்மாவுக்குக் கல்யாணம்னா எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?"

"அளந்துட்டுப் பேசலாம்" என்றார் மில்லிமீட்டர்.

பழைய பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கெட்டியான கிரீஸுக்குள்ளிருந்து யாரோ தூக்கத்தில் முணுமுணுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு அச்சைத் தளர்த்திச் சக்கரத்தை உருவினார். இரும்பு 'டங்' என்றது. சக்கரத்தைப் பிடித்திருந்த இரண்டு கம்பிகளும் தாமாக விலகின, பிடித்த மூச்சை விடுவதுபோல. அக்கா ஓரடி பின்னால் போனார்.

"என்னண்ணே இது, உயிர் இருக்கா?"

அவர் கம்பிகளுக்கு நடுவே காலிப்பரை வைத்தார், எழுதினார், திரும்ப வைத்தார். "இந்தக் காலத்துச் சக்கரத்துக்கு நூத்தி முப்பது மில்லிமீட்டர் இடம் வேணும். இந்தப் பிரேம் பிறந்தது நூத்தி இருபத்தாறு. நாலு மில்லி நானே விரிக்கணும்னு நெனச்சேன். எனக்கு முன்னாடியே யாரோ விரிச்சுட்டாங்க."

"அவரு விரிச்சிருப்பாரு, இருந்தப்போ."

"பாரு, பெயிண்ட் வெடிச்ச இடத்துல துரு பிடிக்கலை. புத்தம் புதுசு. உள்பக்கம் நட்டு அழுத்தின வட்டம் இருக்கு. மரை போட்ட கம்பியை வச்சு, நட்டைத் திருகித் திருகித் தள்ளியிருக்கு." சைக்கிளின் தலையிலிருந்து பின்புறம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினார். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றுபோல இருந்தது. "கையால இழுத்தா ஒரு பக்கம் கோணும். இது ரெண்டு பக்கமும் சரியா ரெண்டு ரெண்டு மில்லி. என்னாலகூட இவ்வளவு சுத்தமா வருமான்னு சந்தேகம்."

மில்லிமீட்டர் இன்னொருவர் வேலையைப் பாராட்டி அக்கா கேட்டதே இல்லை. அதுவே பேய் இருக்கிறது என்பதற்குப் போதுமான சாட்சி என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்துச் சீட்டைத் தாங்கும் கம்பி. சீட் இருந்த உயரத்தில் பழைய வளையத் தழும்பு. அதற்கு மேலே, சீட்டுக்கு நெருக்கமாக, இன்னொரு வளையம் பளபளவென்று. "சீட்டை இறக்கி ஓட்டிட்டு, மறுபடியும் பழைய இடத்துலயே வச்சிருக்காங்க. எவ்வளவு இறக்கம்னு நீயே அள."

அக்கா கழுத்து டேப்பை வைத்தார். "ரெண்டேகால் அங்குலம்." சொன்னதும் உள்ளே ஏதோ நெருடியது. இந்த ரெண்டேகாலை எங்கேயோ வெட்டியிருக்கிறோமே? எங்கே என்றுதான் வரவில்லை.

"பொண்ணு உயரம்?"

"அப்பனைவிட ஒரு இஞ்ச் கூட. கொடி மாதிரி வளர்ந்து நிக்குது."

"அப்ப அவ சீட்டை ஏத்தியிருக்கணும். லைப்ரரி?"

"அவளா? ரெண்டேகால் இறக்கினாக்கூட அவ கால் எட்டாது, பெடலுக்குக் கடிதாசிதான் போடணும்."

மில்லிமீட்டர் சிரிக்கவில்லை. பிரேமைப் பெஞ்சில் வைத்துத் துணியால் மூடினார். மூடியபிறகு அது படுத்திருக்கும் ஆள் மாதிரியே இருந்தது. அன்று அக்கா கடையை ஆறு மணிக்கே சாத்திவிட்டார்.

மறுநாள் மூன்றேகாலுக்கு லைப்ரரி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, வண்டி எங்க?"

"இதோ." துணியை விலக்கினார். சக்கரமில்லை, ஹேண்டிலில்லை, வெறும் எலும்பு.

"இன்னைக்கும் வேலையிலேருந்து சீக்கிரம் வந்தேன், கேட்டுச்சு. இப்ப. வீட்டுக்குள்ள." அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "சைக்கிளே இல்லாம ஓட்டுறாரு. அச்சகத்துக்குப் போன் பண்ணப் போறேன். போதும்."

அக்காவின் கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்தது. மில்லிமீட்டரோ நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். நல்ல சேதி கேட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"பத்து நிமிஷம் பொறும்மா. போன் எங்கேயும் ஓடிடாது. உங்க மாமாவோட கைத்தடி எப்பவும் எங்க இருக்கும்?"

"தடியா? படிக்கட்டுக்குக் கீழ சாத்தி இருக்கும். ஏண்ணே?"

"வா, வீட்டுக்குப் போகலாம்."

முன்னறையில் போர்மேன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கட்டம் போட்ட பேண்ட்டில். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறி யாரும் பார்த்ததில்லை. மகள் வாசல்படியில் நின்று நகத்தைக் கடித்தாள். அவர் நாற்காலிக்கும் படிக்கட்டுக்கும் நடுவே பத்தடி தூரம். தடி, சொன்னபடியே, படிக்கட்டடியில்.

"மாமா சௌக்கியமா?" என்று உட்கார்ந்தார் மில்லிமீட்டர். "பேயைப் பத்திப் பேச வந்தேன். இந்தப் பேய்க்கு மூணு விஷயம் தெரியும். ஒண்ணு, இரும்பை விரிக்கத் தெரியும். நாலு மில்லியைப் பொறுமையா, நூல் பிடிச்சு, ரெண்டு பக்கமும் சமமா."

போர்மேனின் தலை, பாராட்டை வாங்கிக்கொள்வதுபோல, தன்னையறியாமல் லேசாக ஆடியது.

"ரெண்டு, அதுகிட்ட ஒரு புதுச் சக்கரம் இருக்கு. செத்தவருக்குக் கோபமில்லைம்மா. அவர் சக்கரம் இன்னும் மெதுவாத்தான் பேசுது, கடையில சுத்திப் பாத்தேன். கத்துறது வேற சக்கரம். இன்னைக்குச் சைக்கிள் இல்லாமலே சத்தம் வந்துச்சே, அப்பவே முடிவாயிடுச்சு. சக்கரம் இந்த வீட்டுலதான் இருக்கு. மூணாவது, பேய்க்குக் கால் குட்டை." அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவர் மகனோட பேண்ட்டை இவருக்காக எவ்வளவு வெட்டினே?"

அக்காவின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. அந்த வாய்க்கு இது புது அனுபவம்.

"ரெண்டேகால்" என்றார் கடைசியில். உடனே இன்னொன்றும் விளங்கிவிட்டது. "ஐயோ, மேசை விசிறி!" யாரையும் கேட்காமல் உள்ளறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, தான் தைத்த வட்டப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே மெல்லிய ஸ்போக்குகளோடு பளபளக்கும் சக்கரம். நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பல்சக்கரம். பை நழுவியதும் அது தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. கிரிகிரிகிரி என்று அறை முழுக்கக் கத்தியது. லைப்ரரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"முழங்கால் வலிக்காம மேடு ஏறுறதுக்கு இவ்வளவு பெரிய பல்லு வேணும்" என்றார் மில்லிமீட்டர். "டீச்சர் பாத்த முதுகும் பொய்யில்லை. அப்பன் முதுகுதானே மகனுக்கு வரும். தடியைக் கீழ வச்சுட்டு, ரெண்டு கையாலயும் படியோட கைப்பிடியைப் பிடிச்சு மாடிக்கு ஏறுவாரு. ஏன்னுதான் எனக்குத் தெரியலை. அதை அளக்க என்கிட்ட கருவி இல்லை."

லைப்ரரியின் குரல் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத உயரத்துக்குப் போனது. "மூணு மாசமா செத்துச் செத்துப் பொழைச்சேன் மாமா! பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே!"

"பிடிக்கலையா?" போர்மேன் எழுந்தார், தடியில்லாமல். "இடத்தைப் பாத்ததே நான்தானேம்மா. அச்சகத்து வீடு பன்னெண்டு கிலோமீட்டர். நடுவுல ஒரு மேம்பாலம் வேற. பாப்பாவைப் பாக்கணும்னு தோணினா நான் எப்படி வர்றது? டாக்டர் சைக்கிள் மிதிங்கன்னாரு. மரக்கட்டை ரெண்டு வச்சு, அதுமேல நிறுத்தி மிதிச்சேன். உனக்குத் தெரிஞ்சா, இந்த வயசுல தனியா இருக்கப் பழகுறாரேன்னு நீ போக மாட்டே. அதான் ஒவ்வொரு தடவையும் பழைய சக்கரத்தையே திருப்பி மாட்டினேன்."

"நான் பயந்தது தெரியலையா?"

"நீ எங்கம்மா பேசினே? கல்யாணத்தை நெனச்சு ஒடுங்கிப் போயிட்டேன்னு நெனச்சேன்." சக்கரத்தைப் பார்த்தார். "வண்டி போயிடுச்சு. இன்னைக்கு சும்மா கையில பிடிச்சுச் சுத்திப் பாத்தேன். மனசு கேக்கலை."

மகள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாத்தாவின் சட்டையைப் பிடித்து அழவும் செய்தாள். லைப்ரரி அந்தச் சக்கரத்தைப் பையில் திருப்பிப் போட்டாள். பிறகு மில்லிமீட்டரிடம் திரும்பினாள்.

"அண்ணே, எல்லாம் புதுசா போடச் சொன்னேன்ல. போடுங்க. இந்தச் சக்கரம், நல்ல பிரேக், மேம்பாலம் இறங்கும்போது பிடிக்கிற மாதிரி. சீட்டை மட்டும் இவர் உயரத்துல முடுக்கிடுங்க. திருப்பி ஏத்த வேண்டாம்."

எட்டாம் நாள் காலையில் போர்மேன் தெருவில் இறங்கினார். பழைய பிரேம், புதுப் பிரேக், கத்தும் சக்கரம், கட்டம் போட்ட பேண்ட், குனிந்த முதுகு. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. எதிர்வீட்டு டீச்சர் மட்டும் சாத்திக்கொண்டார். காரணம் தெரிந்தும், அந்த முதுகு தெரு முனையில் திரும்பும்போது அக்காவுக்கு முதுகுத் தண்டு சில்லென்றது. கேட்டருகில் நின்ற லைப்ரரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து, முன்பு அவளுக்கு மட்டும் கேட்ட அளவுக்கு வந்து, அதுவும் நின்றது. அதன்பிறகு போனை எடுத்தாள். அக்கா காதைத் தீட்டினார். "தேதியைக் குறிச்சுக்கலாம்" என்பது தெளிவாகவே விழுந்தது.

மத்தியானம் போர்மேன் ஆறு பேண்ட்டுகளோடு தையல்கடைக்கு வந்தார். வலதுகால் துணி செயினில் மாட்டுகிறதாம். கால் மில்லிமீட்டர் பிசகாமல் பிடிக்க வேண்டுமாம்.