இன்னாசிப்பிள்ளையின் படகு கரைக்கு வந்த விதம்

"உங்கட பக்கத்துல கடைசியா என்ன வந்திச்சிண்டு பாக்காம எப்புடி மாத்துற? வெளையாட்டா?" அஸ்மியா போனில் கத்தினாள்.

"பாக்கிறதுக்கு அங்க ஒண்டும் இல்லையெண்டு எத்தினை தரம் சொல்றது?" ஜெயந்தன் அதைவிட உரக்கக் கத்தினான். "நாளைக்குத் திறப்பு விழா. பந்தலும் போட்டாச்சு. குருநாகல்ல ஏசிக் காத்துல இருந்துகொண்டு எனக்குப் படிப்பிக்காதீங்க!"

"படிப்பிச்சா ஏறுற தலையா அது?" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

கற்பிட்டியில் படகு முதலாளிமார் சங்கம் நடத்தும் கண்காணிப்பு அறைக்கு ஜெயந்தன்தான் பொறுப்பு. ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் அவன் திரையில் பச்சைப் புள்ளிகளாக ஊரும். படகுக்காரர் பேசுவது அவன் ஸ்பீக்கரில் கேட்கும். அதனால் கடலையே தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்ட நினைப்பு அவனுக்கு. தேத்தண்ணீர்க் கடைக்குக்கூட கழுத்துப்பட்டியோடுதான் வருவான்.

புயலும் வெள்ளமும் வந்த நாளில் அந்தக் கரை அறை அணைந்தது. வேலை முழுவதும் குருநாகலில் அஸ்மியா பார்க்கும் மாற்று அறைக்குப் போனது. மாதங்கள் கழித்து இப்போது திரும்பி வருகிறது. திரும்புவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பக்கத்திலும் கடைசியாகப் பதிந்ததை முதலில் ஒப்பிட வேண்டும். இடையில் நடந்ததை எல்லாம் கரை அறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தான் அணைந்த அந்தப் பழைய நிமிடத்திலேயே மறுபடி கண் விழிக்கும்.

அந்த ஒப்பிடல்தான் ஜெயந்தனுக்கு ஆகவில்லை. புயலன்று இன்னாசிப்பிள்ளையின் படகிலிருந்து குரல் வந்தது. வெள்ளம் வாசலைத் தொட்டதும் நம்முடைய ஜெயந்தன் துரை பதில் சொல்லாமலே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடினார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. விசாரணையில், "ஒரு சத்தமும் வரல்ல" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னான். இன்னாசிப்பிள்ளையின் மகள் மெரினாவிடமும் அதையே சொன்னான். அவளைத்தான் அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பேதையும் நம்பினாள். அஸ்மியா அந்தக் கடைசி நிமிடத்தைத் திறந்து பார்த்தால் உத்தியோகமும் போகும், மெரினாவும் போவாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, முன் அறையில் மெரினா விழாவுக்குக் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டிருந்தபோது, அவன் உள்ளறையைப் பூட்டிக்கொண்டு, எதையும் ஒப்பிடாமலே விசையைப் போட்டான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து வெள்ளச் சேற்றின் வாடை மெல்ல மேலேறி வந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக முனகி எழுந்து, விசிறிகள் சுழன்று, சிறு விளக்குகளின் வெளிச்சம் சுவரில் நடுங்க, எல்லாவற்றுக்கும் பின்னால் ஸ்பீக்கரில் மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே வெயில் மணலைச் சுட்டுக்கொண்டிருந்த நாள் அது.

'ரிப்பேர்காரன் பிழையாய் வயர் குத்தியிருக்கிறான்' என்று உதட்டைச் சுழித்தான். பிழை எப்போதும் வேறு யாருடையதாவதுதானே.

திரை விரிந்தது. புயலன்று எந்தப் படகு எங்கே நின்றதோ, அங்கேயே நின்றது. எல்லாவற்றுக்கும் அப்பால், தனியாக, ஒரு பச்சைப் புள்ளி.

"மருமகன்... கேக்குதா? கரை தெரியல்ல. எந்தப் பக்கம் வாறது?"

பழைய பதிவாக இருக்கும் என்று சத்தத்தைக் குறைத்தான். குறையவில்லை. ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். மழை இன்னும் பலமாகப் பெய்தது.

"மருமகன்... இருக்கிறீங்கதானே? மூச்சு விடுற சத்தம் கேக்குது."

முன் அறையில் கத்தரிக்கோலின் சத்தம் நின்றது. "ஆரு கதைக்கிற?" என்றாள் மெரினா.

"ஒருத்தரும் இல்ல! ரேடியோ!"

அவள் கேட்டுவிடக் கூடாது. அந்த ஒரு பயத்தில்தான், இரண்டு வருட வேலைப் பழக்கம் வாயில் வந்து நிற்க, வயர் இல்லாத ஸ்பீக்கரிடம் குனிந்து கிசுகிசுத்தான்: "கேக்குது மாமா. வாங்க."

புயலன்று சொல்லியிருக்க வேண்டிய அதே சொற்கள்.

மழை நின்றது. ஜெயந்தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டான். சமாளித்துவிட்டோம் என்று ஒரு சிரிப்பு வேறு.

புள்ளி அசைந்தது.

நிதானமாக வந்தது. மற்றப் படகுகளைக் கடந்தது. கடற்கரையைத் தொட்டது. அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மீன்வாடிக் குடிசைகளுக்கு ஊடாக வந்தது. கோயிலைச் சுற்றியது. தார் ரோட்டில் ஏறியது. எஞ்சின் சத்தம் இல்லை. மணலில் அடிப்பலகை இழுபடும் சத்தம். வெளியில். பந்தலுக்குக் கீழே. முற்றத்தில்.

புள்ளி அறை வாசலில் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"ஜெயந்தன், திறங்க." மெரினாவின் குரலில் அழுகையே இல்லை. "அப்பா வந்திருக்கார்."

அவன் அசையவில்லை. பூட்டு தானாகத் திரும்பியது. வாசலில் மெரினா தனியாக நின்றாள். அவள் உடுப்பில் ஒரு துளி ஈரம் இல்லை. வலக்கை மட்டும், யாரையோ பிடித்துக் கூட்டிவந்ததுபோல் பக்கவாட்டில் நீட்டியிருந்தது. அந்த விரல்களிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகியது.

"அண்டைக்கு நீங்க கேட்டுக்கொண்டுதான் இருந்தீங்களாம்," என்றாள். "அப்பா சொல்றார்."

விழா நடக்கவில்லை. பந்தல்காரன் தகரங்களைக் கழற்றும்போது, வாசலிலிருந்து கடல்வரை மணலில் கிடந்த ஆழமான கோட்டைத் தாண்டமாட்டேன் என்று சுற்றிப் போனான். அஸ்மியா அந்த வேலையை விட்டாள். மதுரங்குளியில் மஹ்ரூப் என்றொருவரின் மகனைக் கலியாணம் முடித்து, இப்போது போன் அடித்தாலே பிள்ளையைத்தான் எடுக்கச் சொல்கிறாளாம். ஜெயந்தன் கடல் இல்லாத இடம் என்று வண்ணாத்திவில்லுப் பக்கம் மரமுந்திரிகைத் தோட்டம் ஒன்றுக்குக் குடிபோய்விட்டான். கழுத்துப்பட்டியெல்லாம் இல்லை. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் 'கேக்குது, கேக்குது' என்று ஓடிவருகிறானாம்.

மெரினா கலியாணம் கட்டவில்லை. சிலாபத்திலிருந்து நல்ல இடமொன்று வந்தது. அப்பாவுக்குச் சோறு போட ஆள் வேண்டுமென்று திருப்பி அனுப்பிவிட்டாள். பின்னேரங்களில் அவள் வீட்டைக் கடந்து போகிறவர்கள் நடையைக் கூட்டுகிறார்கள். திறந்த கதவுக்குள் அவள் மேசை முன் உட்கார்ந்து சிரித்துக் கதைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள். எதிரே யாரும் அமராத வெறுங்கதிரை. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.