மஞ்சள் குப்பிகளுக்குப் போட்ட காவல்

"யாரோ மாத்திட்டாங்க சார். என் குப்பிக்குள்ள இப்ப இருக்கறது என் சாறே இல்ல," என்றபடி வந்தார் அந்தப் பெண் விஞ்ஞானி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

ஸ்டூடியோக்காரர் பதறவில்லை. முப்பது வருடம் பிலிம் கழுவிப் பிழைத்தவர். போட்டோக் கடையை மூடிய பிறகு பிறர் சிக்கல்களைத் துப்பறிந்து கழுவித் தருகிறார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டான். கரும்பு தின்னக் கூலியா என்கிற முகம் அவனுக்கு.

விஷயம் இதுதான். பார்க்கின்சன் நோயில் மூளையின் சில செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. விஞ்ஞானி அப்படிப்பட்ட செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின்மேல் நஞ்சு விடுவார். ஒரு காட்டுக்கொடியின் மஞ்சள் சாற்றை முன்பே ஊற்றிய தட்டில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். எட்டு மாதம் இப்படியே நடந்தது. கடைசி மூன்று முறையும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருது. பழைய முடிவெல்லாம் நான் கட்டின கதைன்னு எழுதி, வேலையையே மூடிடுவாங்க. எங்கப்பாவால சட்டைப் பொத்தான் போட முடியல சார். நாளைக்கே மருந்தாயிடும்னு நான் சொல்லல. தட்டுல பிழைக்கற செல் வேற, மனுஷன் வேற. ஆனா போற வழியையே அடைச்சிட்டா?"

"யார் மேல சந்தேகம்?"

"பக்கத்து மேசைக்காரர். போன மாசம் நான் உள்ள வர்றேன், என் பழைய ஃபிரிட்ஜ் கதவுல கை வெச்சு நிக்கறார்! அன்னிக்கே குப்பிகளை எடுத்துக் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜுக்கு மாத்திட்டேன். எதிர்ல கேமராவும் மாட்டினேன். அப்படியும் கைவரிசையக் காட்டிட்டார்."

அன்று செவ்வாய்க்கிழமை. இருவரும் அவருடன் ஆய்வகத்துக்குப் போனார்கள். மைத்துனன் நான்கு வாரப் பதிவையும் ஓடவிட்டுப் பார்த்தான். ஸ்டூடியோக்காரர் ஃபிரிட்ஜ்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அத்தான், இந்தம்மா கையைத் தவிர வேற ஒரு கை படல," என்றான் மைத்துனன். "படம் என்னா தெளிவு! பூட்டிக் கிடந்த ஞாயித்துக்கிழமைகூட லேபிளைப் படிக்கலாம். ஒருவேளை கூரையப் பிரிச்சு இறங்கியிருப்பானோ?"

"பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடு மாப்ளே. கூரை இருக்கட்டும்."

அவர் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். விஞ்ஞானி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை அறை பூட்டியிருந்தது, விளக்கில்ல," என்று ஆரம்பித்தார் ஸ்டூடியோக்காரர். "எழுத்து எப்படித் தெரிஞ்சுது?"

"ஃபிரிட்ஜுக்குள்ள விளக்கு எரியுமே. கேமராவுக்குத் தெரியணும்னு நான்தான் அதை அணைக்காம..." விஞ்ஞானியின் குரல் பாதியில் நின்றது.

ஸ்டூடியோக்காரர் ஏழு குப்பிகளையும் மேசைமேல் வைத்தார். "எல்லாம் ஒரே நாள் எடுத்த சாறுதானே? முன்வரிசை ஆறும் வெளுத்துப்போச்சு. அட்டைப்பெட்டிக்குப் பின்னால நின்ன இது ஒண்ணுதான் பழைய மஞ்சள்ல இருக்கு. மாத்த வந்தவன் ஒண்ணை மட்டும் விட்டுட்டா போவான்? வெளிச்சம் பட்டுப் பாழான பிலிமை நான் நிறையப் பார்த்திருக்கேன்மா. இரும்புக் கதவுக்குள்ள இருட்டுல இருந்தவரைக்கும் உங்க சாறு நல்லா இருந்தது. நீங்க அதுக்கு விளக்கு போட்டுக் காவல் வெச்சீங்க."

"பாலுக்குப் பூனை காவல்!" என்றான் மைத்துனன்.

"அப்ப இவர் கை?" என்றார் விஞ்ஞானி மெதுவாக.

ஸ்டூடியோக்காரர் பழைய ஃபிரிட்ஜின் கதவை மூடினார். அது தானாக விரலளவு திறந்துகொண்டது. உள்ளங்கையால் அழுத்தியதும் ஒட்டிக்கொண்டது.

"தினமும் நான்தான் அழுத்திட்டுப் போவேன்," என்றார் பக்கத்து மேசைக்காரர். "அன்னிக்கு நீங்க முறைச்ச முறையில யாருக்கு வாய் வரும்? அப்புறம் நீங்க பேசவும் இல்ல."

விஞ்ஞானிக்குத் தலை நிமிரவில்லை. "தப்பு என்மேலதான்," என்றார். பிறகு அவரிடமே, "எனக்கு இன்னொரு உதவி செய்வீங்களா? எந்தத் தட்டுல எந்தச் சாறுன்னு எனக்குச் சொல்லாம நீங்களே ஊத்துங்க. என் கண்ணு ஆசையில ஏமாறக் கூடாது."

சாறு ஊற்றி, நஞ்சு விட்டு, இரண்டு நாள் காத்திருந்தார்கள். வியாழன் மாலை விஞ்ஞானி நுண்ணோக்கியில் குனிந்தார். முதல் தட்டில் செல்கள் உருண்டு செத்துக் கிடந்தன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் நிறைய செல்கள் கிளைவிட்டுப் பரந்து, உயிரோடு இருந்தன.

"மூணாவது எது?"

"ஏழாவது குப்பி," என்றார் பக்கத்து மேசைக்காரர். "முதல் தட்டுல வெறும் தண்ணி. ரெண்டாவதுல வெளுத்த சாறு."

விஞ்ஞானி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எட்டு மாத உழைப்பு பொய்யில்லை. நாளைக்குக் குழுவிடம் காட்ட இந்தத் தட்டு போதும்.

"குற்றவாளி, ஃபிரிட்ஜ் விளக்கு," என்று மைத்துனன் நோட்டில் எழுதினான். "கைது பண்ணலாமா அத்தான்?"

"முதல்ல அணைச்சுட்டு வா."

விஞ்ஞானி ஏழாவது குப்பியைப் பழைய ஃபிரிட்ஜில் வைத்து மூடினார். கதவு வழக்கம்போல விரலளவு திறந்தது. பக்கத்து மேசைக்காரர் கையை நீட்டினார், ஏதோ நினைத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அழுத்துங்க," என்றார் விஞ்ஞானி. "இனிமே நான் இல்லாதப்பவும் அழுத்துங்க."