உப்பளத்தில் ஒரு வெள்ளை கவுன்

அப்பாவின் தலைக்குள் சின்னதாக ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. லிடியா பிறப்பதற்கு முன்பே அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. இப்போது அவர் போடும் கண்ணாடியில் ஒரு கேமரா. அது பார்ப்பதையெல்லாம் அந்தச் சில்லு மூளைக்குச் சொல்லும். அப்பாவுக்கு அவை வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். அவ்வளவுதான், முகமெல்லாம் தெரியாது.

சில்லு வைக்கும் ஆபரேஷன் முடிந்து மரக்காணம் திரும்பியதும் தெருவே வந்து விரலை நீட்டியது.

"இது எத்தனை, சொல்லுங்க?"

"மூணு," என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு கௌதமன் மாமா நீட்டியது ஒரு வாழைப்பழம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அன்று மாலை கண்ணாடியைக் கழற்றினார்.

"பெட்டியில வெச்சிடு பாப்பா. ஒரே புள்ளியா கொட்டுது, ஒண்ணும் புரியல. உன்னைப் பார்க்கத்தானே இவ்ளோ பாடுபட்டேன்."

லிடியா கண்ணாடியைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை போட்டுக்கோப்பா. உப்பளத்துக்குப் போலாம். அங்க சாமான் செட்டு எதுவும் இல்ல, வெட்டவெளி."

விடிந்ததும், தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது தைத்த வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டாள். அவளிடம் இருப்பதிலேயே பளிச்சென்ற உடுப்பு அதுதான். அப்பாவும் கண்ணாடியோடு கிளம்பினார். உப்பளம் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தது. பாத்தித் தண்ணீரில் வானம் அசையாமல் கிடந்தது. அவள் ஓர் உப்புக் குவியலின் முன்னால் போய் நின்றாள்.

"தெரியுதாப்பா?"

"எல்லாமே வெள்ளையா இருக்குது. நீ எங்க இருக்க?"

வெள்ளை உப்புக்கு முன்னால் வெள்ளை கவுன்! லிடியா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அப்போது கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. அங்கே வேலை செய்யும் ஆராயி அக்கா, உப்பு கரையாமல் இருக்கப் பக்கத்துக் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். கன்னங்கரேலென்ற தார்ப்பாய்.

லிடியா ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள்.

"இப்போ இங்க பாருப்பா!"

அப்பா மெல்லத் திரும்பினார்.

"நடுவுல... புள்ளியெல்லாம் ஒண்ணா சேர்ந்து நிக்குது."

லிடியா ஒன்றும் சொல்லாமல் கையைத் தூக்கினாள்.

"கையைத் தூக்குற!"

இறக்கினாள்.

"இறக்கிட்ட."

லிடியா ஒரு சுற்றுச் சுற்றினாள். கவுன் குடையாய் விரிந்தது.

"ஐயோ, குண்டாயிட்டியே!"

மழை தூற ஆரம்பித்தது.

"சவரி அண்ணே, நனையறீங்களே! ஓடியாங்க!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார் ஆராயி அக்கா.

அப்பா நகரவே இல்லை.

"இரு ஆராயி, என் பொண்ணை இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு வர்றேன்."