சாயம் வெளுத்தது, கேசம் சிவந்தது!

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே.

அடுப்பில் உலை இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நடுவில் எழுந்து போக விடும் கதை அல்ல இது. சொந்தமென்று கட்டிப் பிடித்தவன் கையில் என்ன இருந்தது என்று கேட்டால், உங்களுக்கும் வயிறு எரியும்!

இரண்டாயிரத்து ஆறு. பங்குனி மாதம். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் சாலை.

அங்கேதான் கஜபதியின் சாயப்பட்டறை.

காலையில் கஜபதி பூட்டைத் திறந்துவிட, பெருக்க உள்ளே போன பாஞ்சாலி விளக்குமாற்றை வீசிவிட்டு அலறினாள்.

"அய்யய்யோ... முருகா...!"

அவள் எதிரே வெளுப்புத் தொட்டி. சாயம் ஏற்றும் முன் நூலை வெள்ளையாக்குகிற மருந்துத் தண்ணீர் நிற்கும் தொட்டி.

அதில் நூல் மிதக்கவில்லை.

ஆள் மிதந்தான்!

இன்ஸ்பெக்டர் தேவகி ஜீப்பிலிருந்து குதித்தபோது, உடலைக் கரையேற்றியிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை. நாகேஷ். சென்னை முகவரி.

தேவகி அட்டையைப் பார்த்தாள். பிணத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டை.

"இன்னாய்யா இது? போட்டோவுல முடி கன்னங்கரேல்னு கீது. இங்க தேங்கா நாராட்டம் கீது?"

"மருந்துத் தண்ணிங்க மேடம்," என்றார் ஏட்டு. "நூலையே வெளுக்குது. முடியை உடுமா?"

"யாரு இந்த ஆளு?"

கஜபதி முன்னால் வந்தான். பட்டறை முதலாளி.

"ஜெர்மன் கம்பெனி ஆளுங்க மேடம். மெட்ராஸ் ஆபீஸ்ல கீறாரு... இருந்தாரு. நம்ம ஊரு கட்டம் போட்ட துணியை வாங்கறவங்க. சாயம் எப்படி ஏறுது, தண்ணி எங்க போவுது, அடுப்புல இன்னா எரியுது... எல்லாம் வந்து பாப்பாங்க."

"உன் அடுப்புல எரியறது அவங்களுக்கு இன்னாத்துக்கு?"

"காட்டு வெறகு எரிச்சா பூமி சூடாவுதாம். அதான் நான் மல்லாட்டத் தோலுக்கு, வேர்க்கடலைத் தோலுங்க, மாறிட்டேன். சாயத் தண்ணியை சுத்தம் பண்ற மிஷினும் போட்டேன். எங்க நைனா வெச்சிட்டுப் போன கழனியை வித்துப் போட்டேன் மேடம்."

"நம்ம வெயிலுக்கு ஜெர்மன்காரன் கவலைப்படறானா?"

"யாராச்சும் ஒருத்தன் படணும் இல்லீங்களா...?"

தேவகி சிரிக்கவில்லை.

"நேத்து நீ இவரைத் தொட்டியில முக்கிடுவேன்னு கத்துனியாமே?"

கஜபதி ஒளிக்கவில்லை.

"ஆங்... கத்தினேன்."

"ஏன்?"

"ஏரியில சாயத் தண்ணி கலக்குது, நீ திருடன்னாரு. மிஷினு ஓடுது சார்னு சொல்றேன், நம்பல. ஆர்டர் கேன்சல்னாரு. இந்த ஆர்டரை நம்பி எத்தினி ஊட்ல தறி ஓடிகினு கீது மேடம்! ஆத்திரத்துல வாய் தவறிச்சி..."

"வாய் மட்டுமா தவறிச்சி? கையும் தவறிச்சா?"

"முருகன் மேல சத்தியமா இல்லீங்க!"

தேவகி கதவைக் காட்டினாள். "சாயங்காலம் ஆளுங்க போனதுக்கு அப்புறம் பூட்டு போட்டீங்க. அதுக்கப்புறம்தான் கொலை. பூட்டு உடையல. சாவி வெச்சிருக்கறவன்தான் தொறந்தான். சாவி யார்கிட்ட?"

கஜபதி வாயைத் திறந்தான்.

அதற்குள்...

"பாவா! இன்னா பாவா இது அநியாயம்!"

ஓடிவந்தவன் கஜபதியைக் கட்டிக்கொண்டான். புது மொட்டை. தலை நிறைய மலைச் சந்தனம். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை.

"நீங்க?"

"பிரகாஷ் மேடம். பாவாவோட தங்கச்சியைக் கட்டினவன். இங்க மேனேஜரு. மலைக்குப் போய் மொட்டை போட்டுகினு நேரா வரேன்..."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"பாவாகிட்ட மட்டும்தாங்க. ஒரே சாவி."

கஜபதி மெல்லத் திரும்பினான்.

ஒரே சாவியா...?

'இந்த மிஷினு உன் பொறுப்பு மாப்ள' என்று சொல்லி, இன்னொரு சாவியைப் பிரகாஷின் கையில் வைத்தவனே அவன்தான்! அந்தக் கைதான் இப்போது அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

பிரகாஷ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு கணத்தில் கஜபதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏரியில் சாயம் எப்படி வந்தது... மிஷின் ஏன் எப்போதும் புதிதாகவே இருந்தது... எல்லாம்!

"இன்னாய்யா, ஒரே சாவிதானா?" தேவகியின் குரல்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

ஆனால், ஏழு மாத வயிற்றோடு வீட்டில் இருக்கிறாளே மோனிஷா! தகப்பன் இல்லாமல் அவன் தோளில் வளர்ந்த தங்கை. அந்த ஒரு வார்த்தை அவள் தாலியின் மேலல்லவா விழும்?

கஜபதி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆங். ஒரே சாவிதாங்க."

"ஜீப்ல ஏறு."

பட்டறைக்கு அடுத்த வாசல்தான் வீடு; இங்கே பேசுவது அங்கே கேட்கும். தாய் அன்னம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பின்னாலேயே, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மோனிஷா.

"என் புள்ள எறும்பைக் கூட மிதிக்க மாட்டானே! மாப்ள, நீயாச்சும் சொல்லு மா..."

பாதியில் நின்றது அந்தக் குரல்.

அன்னம்மாள் மருமகனின் தலையையே பார்த்தாள்.

"மாப்ள... இன்னா கோலம் இது?"

"வேண்டுதல் அத்த. ஆர்டர் நல்லபடியா கெடைக்கணும்னு..."

"வேண்டுதலா! பொண்டாட்டி மாசமா இருந்தா முருகனே தவணை குடுப்பானே! கொழந்தை பொறந்து, அதோட சேத்து மொட்டை போடறதுதானே வழக்கம்? வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா?"

ஜீப்பில் வைத்த காலைத் தேவகி கீழே இறக்கினாள்.

அவளும் இரண்டு பெற்றவள். அவள் மாசமாக இருந்தபோது, அவள் புருஷன் சலூன் இருக்கும் தெருவுக்கே போனதில்லை. தாடியும் சடையுமாகத் திரிந்தவனைப் பார்த்து, பஸ்ஸில் ஒரு கிழவி காலில் விழுந்து ஆசி கேட்டாள்!

"ஏன் பிரகாஷு... இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுக்க முடியாத அளவுக்கு உன் முடிக்கு இன்னா ஆச்சி?"

"ஒ... ஒன்னும் ஆவலீங்க."

சந்தனம் வியர்வையில் கரைந்து காது ஓரம் வழிந்தது.

"பங்குனி வெயிலு. முழுக்கைச் சட்டை. பொத்தான் வேற. குளுருதா?"

"எப்பவும் இப்படித்தாங்க போடுவேன்..."

"பொய்!"

சொன்னது மோனிஷா.

"ஊட்ல பனியனைக் கூடக் கழட்டிப் போட்டுட்டுத் திரியறவரு மேடம் இவரு. எங்க அண்ணனும் பொய் சொல்றாரு. சாவி ஒன்னு இல்ல, ரெண்டு!"

"மோனிஷா! வாயை மூடு!" ஜீப்பிலிருந்து கஜபதி கத்தினான்.

"இன்னொன்னு இவரு பைக் சாவியோடவே தொங்குது. எடுத்துப் பாருங்க!"

"ஏம்மா... நான் உனக்காகத்தானே..."

"தெரியும்ணா. அதனாலதான் சொல்றேன். எங்க அண்ணனைக் காட்டிக் குடுத்துட்டு, அந்தக் கையாலயே எனக்குப் பூ வாங்கியாருவாரா இவரு? அந்தப் பூ எனக்கு வேணாம்!"

தேவகி கண்ணைக் காட்டினாள். ஏட்டு பிரகாஷின் கையைப் பிடித்துச் சட்டையை மேலே சுருட்டினார்.

கறுத்த கை.

அந்தக் கறுத்த கை முழுக்க... தாமிரக் கம்பிபோல் செம்பட்டை முடி!

"தலையை வழிச்ச. மீசையை வழிச்ச," தேவகி மெதுவாகச் சொன்னாள். "கையை மறந்துட்டியேப்பா!"

பிரகாஷ் சட்டைக் கையைக் கீழே இழுத்து மறைக்கப் பார்த்தான். ஏட்டு விடவில்லை.

"நான்தான் தள்ளினேன்... ஆனா அவன் என்னையும் இழுத்துட்டான் மேடம்! தொட்டியில முங்கி எழுந்தேன். விடிஞ்சி பைக் கண்ணாடியைப் பார்த்தா தலையே செவந்துகினு... அதான் மலைக்கு ஓடினேன். அங்க மொட்டையை யார் பார்க்கப் போறாங்கன்னு..."

"மிஷினு?" கஜபதி கேட்டான். வேறெதையும் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

"அது ஓடவே இல்ல பாவா. அவங்க வந்து பார்க்குற அன்னிக்கு மட்டும் ஓட்டுவேன். மத்த நாள்ல, பின்னாடி பைப்பு வழியா ஏரிக்கு..."

"அதை ஓட்டறதுக்குன்னு நான் குடுத்ததெல்லாம்...?"

பிரகாஷின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"எங்க நைனா உழுத கழனிடா அது!" கஜபதி தலையில் அடித்துக்கொண்டான். "அந்த ஏரித் தண்ணியைத்தானேடா உன் புள்ளையும் குடிக்கப் போவுது!"

மோனிஷா அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பவும் இல்லை. அண்ணனின் கையைப் பிடித்து ஜீப்பிலிருந்து இறக்கினாள். அவ்வளவுதான்.

கொலைகாரன் கிடைத்துவிட்டான், கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள் கண்ணுகளா. உட்காருங்கள்!

மதியம். திருத்தணி போலீஸ் ஸ்டேஷன். வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியவள் ஸ்ரீவர்ஷினி. அந்த ஜெர்மன் கம்பெனியின் சென்னை ஆபீஸுக்குத் தலைவி. நாகேஷுக்கு மேலதிகாரி. கண் சிவந்திருந்தது. கையில் கைக்குட்டை.

"நாகேஷ் என் தம்பி மாதிரி, இன்ஸ்பெக்டர்," என்று விசும்பினாள். "பூமியைக் காப்பாத்தணும்னு உசிரையே குடுத்திருக்கான்!"

வாக்குமூலம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த கஜபதி, எழுந்து கும்பிட்டான். அவன் பட்டறைக்கு 'பசுமைப் பட்டறை' என்று பித்தளைக் கேடயம் கொடுத்து, மாலை போட்டவள் இவள்தான்.

"அந்தப் பாவியை நான் பார்க்கணும்!"

"தாராளமா," என்றாள் தேவகி.

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் பிரகாஷ். இந்தப் பக்கம் ஸ்ரீவர்ஷினி. இரண்டடி தள்ளித் தேவகி.

"நீயெல்லாம் மனுஷனா? ஒரு நல்லவனைக் கொன்னுட்டியே!" ஸ்டேஷனே அதிரக் கத்தினாள்.

பிறகு குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள். பாஷையை மாற்றினாள். தெலுங்கு!

"நோரு தெரவக்கு. நா பேரு ராகூடது. பெயிலு சங்கதி நேனு சூசுகுண்டானு."

வாயைத் திறக்காதே, என் பெயர் வரக்கூடாது, பெயிலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள்!

பிரகாஷ் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"மீரே கதா சேசெய்யமன்னாரு!"

முடித்துவிடச் சொன்னதே நீங்கள்தானே என்கிறான்!

கஜபதியின் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

ஸ்ரீவர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத் திரும்பினாள்.

"என்னவோ உளறறான், இன்ஸ்பெக்டர். புரியவே இல்லை. சரி, நான் கிளம்பட்டுமா?"

தேவகி நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள். புன்னகையோடு கேட்டாள்.

"மரி மீகு பெயிலு எவரு சூசுகுண்டாரு, மேடம்?"

சரி, உங்கள் பெயிலை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று!

கைக்குட்டை கீழே விழுந்தது.

அப்புறம் பிரகாஷ் மடை திறந்தான். மிஷினை ஓட்டுகிற செலவுக்குக் கட்டாத அளவுக்குத் துணி விலையை அடித்து இறக்கியவள் அவள். 'வந்து பார்க்குற அன்னிக்கு மட்டும் ஓட்டு போதும்' என்று அவனுக்கு வழி காட்டியவளும் அவள். தன் பட்டறைகள் எல்லாம் சுத்தம் என்று ஜெர்மனிக்கு எழுதி, மேடையேறிப் பரிசு வாங்கியவளும் அவளே!

கொலை நடந்த அன்று மாலை நாகேஷ் பைப்பைக் கண்டுபிடித்துவிட்டான். முதலாளிக்குத் தெரியாமல் மேனேஜர் செய்கிற வேலை என்றும் தெரிந்துகொண்டான். கஜபதியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று, நம்பிக்கையோடு அவன் போன் செய்தது யாருக்கு?

தன் மேலதிகாரிக்கு!

'பட்டறையிலேயே இரு, பிரகாஷ் வந்து கதவைத் திறந்து காட்டுவான்' என்றாளாம் அந்த மகராசி.

"உங்க பேச்சை நம்பித்தானே மேடம் நான் கழனியை வித்தேன்?" கஜபதியின் குரல் உடைந்தது. "பூமி, பூமின்னு சொன்னீங்களே... என் பூமியே போச்சே!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. தேவகியைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு... எப்படி... தெலுங்கு...?"

"தோ, அந்த மலைக்கு அந்தாண்ட ஆந்திரா மேடம்," என்றாள் தேவகி, விலங்கை எடுத்தபடி. "எங்க ஊரு எருமை மாடு கூட ரெண்டு பாஷையில கத்தும். ரகசியம் பேசணும்னா ஜெர்மன்ல பேசி இருக்கணும்!"

இப்போது அந்த மிஷின் தினமும் ஓடுகிறது. அதன் பொறுப்பு மோனிஷாவிடம்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குடத்தில் நல்ல தண்ணீர் நிறையட்டும். தொட்டிலும் கலயமும் காலியாகாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு எந்த பாஷையில் சேதி வந்தாலும் நல்ல சேதியாகவே வரட்டும்.

கெட்ட சேதி வந்தே தீருமென்றால்... அது மட்டும் உங்களுக்குப் புரியாத பாஷையில் வரட்டும்!